சாலமோன் கை இறங்குவதற்குள்

ஆற்றோரத்தில் குடிசை போட்டு நகரத்துக்கு நடுவிலேயே காலம் தள்ளிக்கொண்டிருந்தவர்களை ஒரு மழைக்காலத்தில் லாரி லாரியாக அள்ளிக்கொண்டு வந்து, நகரம் முடிந்து சதுப்பு நிலம் தொடங்குகிற இடத்தில் எட்டு மாடி எட்டு மாடியாகக் கட்டிவைத்திருந்த கட்டடங்களில் கொட்டிவிட்டுப் போனார்களே, அந்தக் குடியிருப்பில்தான் சாலமோன் இருந்தான். அங்கே லிஃப்ட் இருந்தது, ஓடாது. குழாய் இருந்தது, தண்ணீர் வராது. தண்ணீர் லாரியில் வரும், வந்தால் ஊரே குடத்தோடு ஓடும். ஓடினால்தான் எதுவும் கிடைக்கும் என்று பழகிப்போன அந்த ஊரிலும் சாலமோனைப் போல ஓடியவன் ஒருவனும் இல்லை. பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது அவன் வேலை. பிரியாணி ஆறுவதற்குள் போய்ச் சேர் என்று போன் விரட்டிக்கொண்டே இருக்கும். அவன் சிக்னலில் நின்றாலும் அவன் வாய் நிற்காது. ராப் பாடுவான். லாரியில் ஏற்றிய கதை, லிஃப்ட் ஓடாத கதை, எட்டாவது மாடியிலிருந்து பிணத்தைப் படியில் இறக்கிய கதை எல்லாம் அவன் வாயில் மூச்சு விடாமல் வரும். அவன் பாடுவது புரியவில்லை என்றவர்கள் உண்டு, அவ்வளவு வேகமாக வேறொருவன் பாடுவான் என்று சொன்னவர்கள் இல்லை.

அவன் மனைவி தேவகிருபை கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் கழிவறை துடைக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்கு ஆறு மாதம். அவன் பாடினால் "வாய மூடிக்கினு துன்னுயா" என்பாள், ஆனால் அவன் பாடாமல் சாப்பிட்டால் ஜுரமோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள்.

அவன் பாட்டை வீடியோவாக எடுக்கிறேன் என்று கௌசிக் என்றொரு டைரக்டர் காமிராவோடு வந்து இறங்கினான். ராப் வீடியோ என்றால் கல்யாணத்துக்கு இருப்பதுபோல அதற்கும் சாங்கியங்கள் உண்டு என்று அன்றைக்குத்தான் குடியிருப்புக்குத் தெரிந்தது. கறுப்புக் கார் ஒன்று நிற்கவேண்டும். நின்றது, வாடகைக் கார், ஸ்டார்ட் ஆகவில்லை, இளைஞர்கள் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பாடுகிறவன் கழுத்தில் வடம்போலத் தங்கச் சங்கிலி தொங்கவேண்டும். தொங்கியது, சாயம் போகும், வியர்க்கவிடாதீர்கள் என்றான் கௌசிக். கடிநாய் ஒன்று சங்கிலியில் திமிறவேண்டும். குடியிருப்பு நாய்கள் கழுத்தில் பெல்ட் கட்டியதும் சுகமாகப் படுத்துக்கொண்டதால் அதை மட்டும் விட்டுவிட்டார்கள். மேகம் மூடியிருந்தாலும் எல்லோரும் கூலிங் கிளாஸ் போடவேண்டும். பின்னால் ஊரே கையைக் கட்டிக்கொண்டு, சிரிக்காமல், அசையாமல், காமிராவை முறைத்துக்கொண்டு நிற்கவேண்டும். சாலமோனின் சிநேகிதன் வின்சென்ட்டுக்கு மட்டும் சிரிப்பை அடக்கவே முடியவில்லை, அவனைக் கடைசி வரிசைக்குத் தள்ளினார்கள். கௌசிக் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு கீழிருந்து மேலாகப் படம் பிடித்தான். அப்படிப் பிடித்தால் குனிந்து குனிந்து கூன் விழுந்த ஆளும் எட்டாவது மாடி உயரத்துக்கு நிமிர்ந்துவிடுகிறான். காமிராவின் சின்னத் திரையில் தங்களைப் பார்க்க எல்லோரும் முண்டியடித்தார்கள். மூட்டை தூக்குகிற ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கடைசியாக ஸ்லோ மோஷன். சாலமோன் கை நிறைய நோட்டுகளை வானத்தில் வீசவேண்டும், பொம்மை நோட்டுதான், பின்னால் சிவப்புப் புகை கிளம்பவேண்டும், அவன் மிதப்பதுபோலப் பாடவேண்டும்.

"பாட்ட ரெண்டு மடங்கு வேகத்துல போடுவோம், மேடம்" என்று கௌசிக் கிருபைக்கு விளக்கினான். "அண்ணன் அந்த வேகத்துக்கு வாயசைப்பாரு. அப்புறம் நாங்க பாதியா கொறைப்போம். வாய் கரெக்டா பாட்டோட உக்காந்துரும், உடம்பு மட்டும் மெதக்கும்."

"ரெண்டு இன்னாத்துக்கு? நாலு மடங்கு போடு, தலைவா" என்றான் சாலமோன்.

"யோவ், வாணாம்யா. நாக்கு சுளுக்கிக்கப் போவுது" என்றாள் கிருபை.

அவன் கிருபையைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுக் கூலிங் கிளாஸைத் தூக்கி எறிந்தான். கண்ணை மறைக்காமல் பாடப்போகிறானாம். ஸ்பீக்கரில் பாட்டு நான்கு மடங்கு வேகத்தில் வண்டுபோல ரீங்கரித்தது, சாலமோன் ஒரு எழுத்துக்கூடத் தப்பாமல் அந்த வண்டோடு வாயசைத்தான், நோட்டுகளை வீசினான், புகை கிளம்பியது, கௌசிக் "கட்" என்று கத்தினான், ஊர் கைதட்டியது. சாலமோன் மட்டும் திரும்பி வரவில்லை. தூக்கிய கை தூக்கியபடி, திறந்த வாய் திறந்தபடி, ஸ்லோ மோஷனிலேயே தங்கிவிட்டான். நோட்டுகள் அவன் தலைக்கு மேலும் அவனைச் சுற்றித் தாழவும் காற்றில் நின்றன. கிட்டே போய் உற்றுப் பார்த்தால் அவை இறங்கிக்கொண்டுதான் இருந்தன, நகம் வளர்கிற வேகத்தில்.

முதலில் பூசணிக்காய் உடைக்காததுதான் காரணம் என்றார்கள். ஷூட்டிங் முடிந்தால் பூசணிக்காய் உடைக்கவேண்டும், கௌசிக் மறந்துவிட்டான். ஒன்று உடைத்தார்கள், அசைவில்லை. பிளாக்குக்கு ஒன்றாக உடைத்தார்கள். பூசணிச் சதையில் வழுக்கி இரண்டு பேருக்குக் கால் பிசகியதுதான் மிச்சம். போதகர் வந்து கை வைத்து ஜெபித்தார். மாரியம்மன் கோயிலில் இருந்து வேப்பிலை வந்தது. டாக்டர் ஒருவர் வந்து சாலமோனின் மார்பில் கருவியை வைத்துக்கொண்டு ஒரு துடிப்புக்காகக் காத்திருந்தார், காத்திருந்தார், டீ குடித்துவிட்டு வந்து மறுபடி காத்திருந்தார், இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். தூக்கி வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று இருபது பேர் சேர்ந்து பார்த்தார்கள். ஓடுகிற பஸ்ஸைத் தள்ளி நிறுத்தப் பார்த்தமாதிரி இருந்தது என்றார்கள். கௌசிக் ஒரு வாரம் வந்து அழுதான், பிறகு வேறு ஷூட்டிங் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு குடியிருப்பு எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டமாதிரி இதையும் ஏற்றுக்கொண்டது. அவன் தலைக்கு மேல் தார்ப்பாய் கட்டினார்கள். தண்ணீர் லாரி அவனைச் சுற்றிக்கொண்டு போகப் பழகியது. சிவப்புப் புகை கலையாமல் இரண்டாவது மாடி உயரத்தில் நின்றதால் அந்தப் பக்கம் வெள்ளை வேட்டி உலர்த்துவதை விட்டுவிட்டார்கள். பொம்மை நோட்டுகள் மூக்கில் இடிக்காமல் குனிந்து போகக் குழந்தைகள்கூடக் கற்றுக்கொண்டன. லிஃப்ட் எப்போது சரியாகும் என்று கேட்டால் "சாலமோன் கை இறங்கறதுக்குள்ள ஆயிடும்" என்று சொல்லிச் சிரித்தார்கள். வீடியோ வெளிவந்து பிய்த்துக்கொண்டு ஓடியது. எங்கெங்கிருந்தோ ராப் பாடுகிறவர்கள் கார் எடுத்துக்கொண்டு வந்து, அவன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்று படமெடுத்துக்கொண்டு போனார்கள். அவனுக்குப் பசிக்காதா என்று கிருபை அழுதபோது, கீழே இட்லிக்கடை போட்டிருந்த பவுனம்மாள்தான் தேற்றினாள்.

"மத்தியானம் நீ கொடுத்த கொழம்ப முழுசா துன்னுட்டுத்தானே நின்னான்? அது செரிக்கறதுக்கே ஒன் வவுத்துல இருக்கிற புள்ள பள்ளிக்கூடம் போயிரும். அயுவாத."

அவன் வாயிலிருந்து ஒரு முனகல் வந்துகொண்டே இருந்தது, தூரத்தில் மாவு மில் ஓடுகிறமாதிரி. அது பாட்டின் மிச்சம் என்று எல்லோரும் நினைத்திருக்க, வின்சென்ட் மட்டும் அவன் வாயருகே போனை வைத்து, சார்ஜ் மாற்றி மாற்றி, வாரக்கணக்கில் பதிவு செய்து, எல்லாவற்றையும் ஒட்டி வேகமாக ஓடவிட்டுப் பார்த்தான். பிறகு கிருபையிடம் ஓடிவந்தான். போனில் சாலமோனின் குரல், எப்போதும் போல அவசரமாக, ஒரே ஒரு தரம் கேட்டது:

"கிருப எங்க?"

அவள் அத்தனை வாரமும் அவன் எதிரேதான் நின்றிருந்தாள். வேலைக்குப் போகுமுன் நின்றாள், வந்ததும் நின்றாள், ஞாயிறு பூராவும் நின்றாள். அவன் சட்டையைத் துடைத்தாள், இமையில் படிந்த தூசியை ஊதினாள், அவன் காதில் பேசினாள்.

"இங்கதானே இருக்கேன்? நான் இங்கதானேடா இருக்கேன்?" என்று வின்சென்ட்டின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"அண்ணனுக்கு நாமெல்லாம் சுத்தற ஃபேன் றெக்க மாதிரி, அண்ணி. சுத்தறப்ப றெக்க கண்ணுக்குத் தெரியுமா?"

அப்படியானால் அசையாமல் நிற்கவேண்டும் என்று கிருபை முடிவு செய்தாள். விடிந்ததிலிருந்து இருட்டும்வரை, பின்னால் நிற்பவர்களுக்குக் கௌசிக் சொல்லிக்கொடுத்தானே அதேமாதிரி, கையைக் கட்டிக்கொண்டு, இமைக்கக்கூட மனசில்லாமல் நின்றாள். வேலை போயிற்று. கால் வீங்கிப் பானையாயிற்று. அவளுக்குத் துணையாக வேலையில்லாத நாட்களில் பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்து நின்றார்கள், ஆனால் தினக்கூலிக்காரர்கள் எத்தனை நாள் நிற்க முடியும், அடுப்பு எரியவேண்டாமா. அவள் நின்ற நாளெல்லாம் சேர்ந்தும் அவனுக்கு ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம்கூட ஆகவில்லை. நின்ற இடத்திலேயே வலி எடுத்தது. பெண் குழந்தை. எஸ்தர் என்று பெயர் வைத்தார்கள். அப்பா முகத்துக்கு நேரே குழந்தையைத் தூக்கிப் பிடித்தாள் கிருபை. கை கடுத்து இறக்கும்வரை பிடித்தாள். அவன் கண்கள் குழந்தையைத் தாண்டி, அவளைத் தாண்டி, எங்கேயோ தேடிக்கொண்டிருந்தன.

அப்போதுதான் பவுனம்மாளுக்கு யோசனை வந்தது.

"ஏன்மே, அந்த முக்குல கவுன்சிலரு மூஞ்சி வருசம் பூரா நிக்குதே, ஒரு நாளாவது ஆடிச்சா, அசைஞ்சிச்சா? அத்தமாதிரி ஒன்ன ஒரு ஃபிளெக்ஸ் அடிச்சி வெய்யி. பாக்கறானா இல்லியா பாரு."

ஊரே துள்ளியது. ஷூட்டிங் அன்றைக்கு யாரோ எடுத்த படத்தில் கிருபை நீலப் புடவையில், ஆறு மாத வயிற்றோடு, கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். அதைத்தான் கொடுத்தார்கள், அப்போதுதானே அவனுக்கு அடையாளம் தெரியும். பிரிண்ட் ஆகி வந்ததைக் கிருபைக்கு எதிரே விரித்தார்கள். ஃபிளெக்ஸ் கடைக்காரன், தலைவராக இருந்தாலும் மஞ்சள் நீராட்டுப் பெண்ணாக இருந்தாலும் செத்துப்போன தாத்தாவாக இருந்தாலும் எல்லோருக்கும் செய்கிறமாதிரி, அவளையும் பால்போல வெளுத்திருந்தான், உதட்டுக்கு ரோஸ் பூசியிருந்தான், கழுத்தில் நெக்லஸ் ஒன்றும் ஆரம் ஒன்றும் வரைந்திருந்தான், வயிறு தெரிந்தால் நன்றாக இருக்காது என்று அதையும் தட்டையாக்கியிருந்தான். பின்னால் மலை, இரண்டு புறா. கீழே வரிசையாக வின்சென்ட்டும் மற்ற இளைஞர்களும், அன்புடன்.

"இது நானில்ல" என்றாள் கிருபை.

"நீதான்மே, ஷோக்கா கீற. கட்டுங்கடா."

கட்டினார்கள், சாலமோனுக்கு நேர் எதிரே, கண்மட்டத்தில். அடுத்த மழைக்காலம் வந்து போவதற்குள் அவன் முகம் மாறியது. தேடிக்கொண்டிருந்த கண்கள் ஃபிளெக்ஸில் வந்து நின்றன. பிறகு உதட்டோரம் சுருங்கியது, பல் தெரிந்தது, சிரித்தான். ஊர் பட்டாசு வெடித்தது. பவுனம்மாள் எல்லோருக்கும் இட்லி இலவசம் என்று சொல்லிவிட்டு அழுதாள். கிருபையும் அழுதாள். அவன் எதிரே ஃபிளெக்ஸை மறைக்காமல் ஓரமாக நின்று, அவ்வளவு பெரிய சிரிப்பை அவன் கல்யாணத்தன்றுகூடச் சிரிக்கவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பு தனக்கில்லை என்று அவளுக்கு உறைக்க அதிக நாள் ஆகவில்லை.

வெயிலில் ஃபிளெக்ஸ் வெளிறினால் அதே படத்தை மறுபடி அடித்துக் கட்டினார்கள். வேறு படம் வைத்தால் அவன் மிரண்டுவிடுவான் என்று பயம். ஃபிளெக்ஸில் இருந்தவளுக்கு முடி நரைக்கவில்லை, கன்னம் ஒட்டவில்லை, கால் வீங்கவில்லை. அவளுக்குக் கீழே கிருபை வேறொரு கழிவறை வேலைக்குத் துடைப்பத்தோடு போனாள், குடத்தோடு போனாள், குழந்தையோடு போனாள், அவன் பார்வைக்கு எதிரே ஆயிரம் தடவை குறுக்கே போனாள். எஸ்தர் பேசக் கற்றதும் விரலை நீட்டிச் சொன்னாள்:

"அது அப்பாவோட கிருப. நீ என்னோட அம்மா."

யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. கிருபை அன்றைக்குச் சோறு வடிக்கவில்லை. வயிற்றெரிச்சல் என்றால் அப்படி ஒரு வயிற்றெரிச்சல். கட்டினவளை விட்டுவிட்டுப் போனவன் என்று திட்டவும் முடியாது, கண்ணெதிரேதான் நிற்கிறான். செத்துப்போனான் என்று அழவும் முடியாது, சிரிக்கிறான். வேறொருத்தியோடு போய்விட்டான் என்று தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றவும் முடியாது, அந்த வேறொருத்தி அவளேதான்.

தூக்கியிருந்த சாலமோனின் கை இதற்குள் இறங்க ஆரம்பித்திருந்தது. தோளுக்கு வந்தது, மார்புக்கு வந்தது, பிறகு உள்ளங்கை விரிந்து முன்னால் நீண்டது, ஃபிளெக்ஸை நோக்கி. எஸ்தர் பால்வாடிக்குப் போக ஆரம்பித்த சமயம் வின்சென்ட் மறுபடி போனோடு வந்தான். இந்தத் தடவை அவன் ஓடிவரவில்லை. கல்யாணமாகி அவனும் கொஞ்சம் பெருத்திருந்தான்.

"அண்ணி, பேசியிருக்காரு" என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டே ஓடவிட்டான்.

"வா, ஊட்டுக்குப் போலாம்."

அவ்வளவுதான். அத்தனை வருஷத்துக்கும் சேர்த்து அவன் சொன்னது அவ்வளவுதான், அதையும் ஒரு பிளாஸ்டிக் துணியிடம் சொல்லியிருந்தான். கிருபை அரிவாள்மனையைக் காலால் எத்திவிட்டு அடுப்பங்கரையிலிருந்து எழுந்தாள், கத்தியை எடுத்துக்கொண்டு எட்டு மாடியும் இறங்கினாள், ஃபிளெக்ஸின் நான்கு கயிற்றையும் அறுத்தாள். அது விழுந்தது. புறா, மலை, நெக்லஸ், அன்புடன் எல்லாம் சேற்றில் விழுந்தன. ஊர் கூடிவிட்டது.

"ஐயோ பாவி, இன்னா காரியம் பண்ண?" என்று பவுனம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"என்னத்தானே கூப்பிடறான்? நான் போறேன். ஊட்டுக்கு நான் இட்டுக்கினு போறேன்."

ஃபிளெக்ஸ் இருந்த இடத்தில் போய் நின்று, நீண்டிருந்த அவன் கையில் தன் கையை வைத்தாள். காய்த்துப்போன, பினாயில் வாசம் போகாத, உண்மையான கையை வைத்தாள். அவன் கை சூடாக இருந்தது. அதுதான் அவளைச் சாய்த்துவிட்டது. இத்தனை வருஷமும் தூசு துடைத்தாளே தவிர, அவன் கை தன் கையை வாங்கிக்கொள்ள நீண்டு அவள் பார்த்ததில்லை. ஒரு மணி நேரம் நின்றாள், சாயங்காலம்வரை நின்றாள், அடுத்த நாளும் நின்றாள். மூன்றாம் நாள் அவன் விரல்கள் மூட ஆரம்பித்திருப்பது அவளுக்குத் தெரிந்தது.

"கைய எடுத்துரு, கிருப" என்று பவுனம்மாள் கெஞ்சினாள். "இருவது பேரு தள்ளியே அசையாதவன். மூடிட்டான்னா அவனா தொறந்தாத்தான் உண்டு. அது எந்தக் காலத்துலயோ? ஒனக்கு எமனே வந்துருவான்."

"வரட்டும், பவுனக்கா. அவன் என்னப் பாக்கணும். ஒரு தடவ பாத்தாப் போதும்."

குடியிருப்பு அதையும் ஏற்றுக்கொள்ளத் தயாரானது. அவளுக்கும் சேர்த்துத் தார்ப்பாயை அகலமாகக் கட்டினார்கள். ஒரு ஸ்டூல் வந்தது. பவுனம்மாள் மூன்று வேளையும் ஊட்டினாள். புடவையைச் சுற்றி மறைப்புக் கட்டிப் பெண்கள் அவளைக் குளிப்பாட்டினார்கள். தண்ணீர் லாரிக்காரன் இன்னும் கொஞ்சம் சுற்றிக்கொண்டு போனான். அவளுடைய கட்டைவிரலுக்கும் அவன் விரல்களுக்கும் நடுவே வெளிச்சம் வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டே வந்தது. வலி இல்லை. யாரோ நெடுநாள் யோசித்து யோசித்துக் கையைப் பிடிக்கிறமாதிரி இருந்தது. தன் வாழ்நாளில் யாரும் இவ்வளவு நிதானமாகத் தன்னைத் தொட்டதில்லை என்று கிருபை நினைத்துக்கொண்டாள். கண்ணை மூடினால் தூக்கம் வந்தது, அவனும் அவளும் ஒரே வேகத்துக்கு வந்துவிட்டமாதிரி இருந்தது.

கண்ணைத் திறந்தபோது பக்கத்தில் எஸ்தர் நின்றிருந்தாள். பால்வாடியிலிருந்து வந்த பை தோளில் இருந்தது. கையைக் கட்டிக்கொண்டு, நிமிர்ந்து, சிரிக்காமல் முறைத்துக்கொண்டு நின்றாள். மூக்கில் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது. அதை ஓட்டவில்லை.

"ஏய், இன்னாடி பண்ற?"

எஸ்தர் கண்ணைக்கூடத் திருப்பவில்லை.

"எஸ்தரு! பேசுடி. ஒன்னத்தான் கேக்கறேன்."

"பேசாத மா" என்றது குழந்தை, உதட்டை அசைக்காமல். "அசைஞ்சா அப்பாவுக்குத் தெரியாது. நானும் நிக்கறேன்."

"எப்பத்துலேர்ந்து நிக்கற?"

"காலைலேர்ந்து" என்றாள் பவுனம்மாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு. "நேத்தும் நின்னுச்சி. சோறு வாணாங்குது, வெளாட்டு வாணாங்குது. நீ கண்ண மூடிக்கினு இருந்த."

குழந்தையின் தொடை நடுங்கிக்கொண்டிருந்தது. செருப்பில்லாத கால் சேற்றில் புதைந்து வெளுத்துப்போயிருந்தது. கால் வழியாக மூத்திரம் இறங்கிக் காய்ந்திருந்தது, அதற்குக்கூட அது அசையவில்லை. நான்கு வயது. இனி இந்த ஊரில் யார் என்ன சொன்னாலும் அது நின்றுகொண்டே இருக்கும் என்று கிருபைக்குத் தெரிந்துவிட்டது. தாய் எப்படியோ பிள்ளை அப்படி. நிற்கிற தாயைப் பார்த்து நின்றே வளரும், வளராமலும் போகும்.

அவள் சாலமோனைப் பார்த்தாள். ஃபிளெக்ஸ் இருந்த உயரத்திலிருந்து அவன் கண்கள் ஸ்டூலில் இருந்த அவளை நோக்கி இறங்கத் தொடங்கியிருந்தன. சத்தியமாக இறங்கத் தொடங்கியிருந்தன, கருவிழி நடுவை விட்டு நகர்ந்திருந்தது, இன்னும் ஒரு மழைக்காலம் நின்றால் போதும், அதிகம் போனால் இரண்டு, அவன் அவளைப் பார்த்துவிடுவான், கறுத்த முகத்தை, ஒட்டிய கன்னத்தை, நகையில்லாத கழுத்தை, அவளையே பார்த்துவிடுவான்.

கிருபை கையை இழுத்தாள். வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, காலை ஊன்றி, ஐயோ என்று ஊர் முழுக்கக் கேட்கும்படி கத்திக்கொண்டு இழுத்தாள். விரல் முட்டிகளில் தோல் உரிந்துகொண்டு கை வெளியே வந்தது. ரத்தம் சொட்டியது. அந்தக் கையாலேயே எஸ்தரின் முதுகில் ஒன்று வைத்தாள்.

"ஓடுடி!"

குழந்தை மிரண்டுபோய்ப் பார்த்தது.

"ஓடு! ஓடுன்னா ஓடு! நிக்காத! நின்ன, கொன்னுருவேன்!"

எஸ்தர் அழுதுகொண்டே ஓடியது. மரத்துப்போன காலோடு இரண்டு தடவை விழுந்து எழுந்து ஓடியது. கிருபை பின்னாலேயே ஓடினாள். தண்ணீர் லாரியைத் தாண்டி, கறிக்கடையைத் தாண்டி, பிளாக் பிளாக்காகச் சுற்றிக் குழந்தையை விரட்டினாள். அது ஒரு கட்டத்தில் அழுகையை மறந்து, விளையாட்டென்று நினைத்துச் சிரித்துக்கொண்டே ஓடியது. அப்போதும் அவள் விடவில்லை.

சாலமோனின் விரல்கள் வெறும் காற்றைப் பிடித்து மூட அந்த வருஷம் முழுக்க ஆயிற்று. அதற்கடுத்த வருஷம் அவன் சிரிப்பு உதட்டிலிருந்து இறங்க ஆரம்பித்தது. மறுபடி ஃபிளெக்ஸ் கட்டலாமா என்று பவுனம்மாள் கேட்டபோது கிருபை வேண்டாம் என்றாள், கட்டலாமா என்று வின்சென்ட் கேட்டபோதும் வேண்டாம் என்றாள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடவும் கூட்டி வரவும் அந்த வழியாகத்தான் போகவேண்டும், வேறு வழி கிடையாது. அவள் அவன் பக்கம் திரும்பிப் பார்ப்பதே இல்லை என்று குடியிருப்பில் சிலர் பேசிக்கொண்டார்கள், அது பொய். தினமும் பார்த்தாள், காலையிலும் பார்த்தாள், சாயங்காலமும் பார்த்தாள். நிற்கத்தான் இல்லை.